ஒரு பல்லின் எடை: குற்றங்களைச் சட்டம் தரம் பிரிக்கும் விதம்

வரப்புத் தகராறில் அடிபட்ட ஒருவர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருகிறார். பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்குகிறார். உதடு கிழிந்திருக்கிறது, கன்னம் வீங்கியிருக்கிறது. இதுவரை சாதாரணக் காயம்தான். டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிறார். கீழ்வரிசையில் ஒரு பல் முறிந்திருக்கிறது. அதை அவர் எழுதி முடிப்பதற்குள் அடித்தவரின் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஓராண்டு வரை சிறை என்றிருந்த செயலுக்கு இப்போது ஏழாண்டு வரை சிறை. கைகலப்பு அதேதான், கோபமும் அதேதான். இடையில் வந்தது ஒரு பல்.

சட்டம் இதைக் கொடுங்காயம் என்கிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவும், அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவும் எட்டு வகைக் காயங்களை இந்தப் பெயரில் அடக்குகின்றன. ஆண்மையிழப்பு, ஒரு கண்ணின் பார்வை போதல், ஒரு காது செவிடாதல், உறுப்போ மூட்டோ போதல், அவற்றின் வலு நிலையாகக் கெடுதல், தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பிறழ்தல் ஆகியவை முதல் ஏழு. எட்டாவது வகையில் உயிருக்கு ஆபத்தான காயமும், ஒருவரைக் குறிப்பிட்ட நாள்கள் கடும் வலியில் கிடத்திய அல்லது அன்றாட வேலைக்குப் போகவிடாமல் முடக்கிய காயமும் வரும். அந்த நாள்கள் பழைய சட்டத்தில் 20. புதிய சட்டத்தில் 15. ஒருவர் 17 நாள் எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார் என்று வைத்துக்கொண்டால், 2024 ஜூன் 30ஆம் தேதி அவரை அடித்திருந்தால் அது சாதாரணக் காயம், மறுநாள் அடித்திருந்தால் கொடுங்காயம். புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த நாள் ஜூலை 1.

அடித்தவருக்கு அவ்வளவு பெரிய காயம் ஏற்படுத்தும் நோக்கமோ, ஏற்படும் என்ற அறிவோ இருந்ததா என்பதை நீதிமன்றம் பின்னால் ஆராயும். ஆனால் காவல் நிலையத்தில் பிரிவு எழுதப்படும் இரவில் சாட்சி சொல்வது அந்தப் பல்தான். குற்றங்களைக் கடுமை பார்த்துத் தரம் பிரிக்கும் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள அந்த இரவே நல்ல தொடக்கம். தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகலாம். தரம் பிரித்ததன் விளைவு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

அந்தத் தரம் எங்கே எழுதியிருக்கிறது? குற்றங்களை விவரிக்கும் சட்டத்தில் தேடினால் தண்டனை மட்டும்தான் கிடைக்கும். மீதி எல்லாம் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கடைசியில், முதல் அட்டவணையில் இருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கங்களில் ஆறு பத்திகளாக நீளும் அட்டவணை அது. முதல் பத்தியில் பிரிவு எண், இரண்டாவதில் குற்றம், மூன்றாவதில் தண்டனை, நான்காவதில் பிடியாணை இல்லாமல் காவல்துறை கைது செய்யலாமா என்பது, ஐந்தாவதில் பிணை உரிமையா இல்லையா என்பது, ஆறாவதில் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பது. சட்டக் கல்லூரி மாணவர்கள் தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் புரட்டும் பக்கங்கள். காவல் நிலைய எழுத்தர்களுக்கோ அவை மனப்பாடம்.

மூன்றாம் பத்தியைப் பற்றித்தான் ஊர் பேசும். ‘எத்தனை வருஷம் கிடைக்கும்?’ என்பதே முதல் கேள்வி. ஆனால் ஒரு குடும்பத்தின் அன்றைய இரவைத் தீர்மானிப்பவை நான்காவதும் ஐந்தாவதும்.

நான்காவது பத்தியில் ‘பிடியாணை வேண்டும்’ என்றிருந்தால், நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலன் விசாரணையே நடத்த முடியாது. சாதாரணக் காயம், அவதூறு போன்றவை இந்த வகை. தமிழ்நாட்டில் காவல் நிலையப் படியேறிய எவருக்கும் ‘சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்துட்டாங்க’ என்ற பேச்சு தெரியும். அந்த ரசீது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம். வழக்குப் பதிவானதற்கு அடையாளம் முதல் தகவல் அறிக்கை மட்டுமே. இரண்டையும் ஒன்றென்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் எளியவர்கள் ஏராளம். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் காட்டினால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த அமர்வின் தலைவர், ஈரோடு மாவட்டத்திலிருந்து சென்று இந்தியத் தலைமை நீதிபதியான ப. சதாசிவம். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று அத்தீர்ப்பு இடம் விட்டது. புதிய நடைமுறைச் சட்டம் அந்த இடத்தை அகலமாக்கியிருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்ய 173ஆவது பிரிவு வழி செய்கிறது. குற்றம் நடந்த முதல் இரண்டு வாரத்தில்தான் சாட்சிகளை மிரட்டுவதும் விலை பேசுவதும் எளிது. அதை நினைத்தால் இந்த 14 நாள் கவலை தருகிறது.

ஐந்தாவது பத்திதான் மக்கள் மொழியில் ‘பெயிலபிள், நான்-பெயிலபிள்’. பிணையில் விடத்தக்க குற்றமென்றால் பிணை என்பது கேட்டுப் பெறும் உரிமை. காவல் நிலையத்திலேயே ஜாமீன் கொடுத்தாக வேண்டும். பிணையில் விடத்தகாத குற்றமென்றால் பிணையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. நீதிமன்றத்தின் விருப்புரிமைக்குப் போகிறது என்பதே பொருள். ஆனால் அந்த விருப்புரிமையை எட்டுவதற்கு வழக்கறிஞர், மனு, வாய்தா, ஜாமீன்தாரர் எல்லாம் வேண்டும். பணமுள்ளவருக்கு அது நான்கு நாள். இல்லாதவருக்கு நான்கு மாதமும் ஆகலாம்.

இங்கேதான் அட்டவணையின் மனசாட்சியைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பழைய அட்டவணையில் ஒருவரின் எலும்பை முறித்து ஏழாண்டு வரை தண்டனைக்கு உள்ளாகும் கொடுங்காயம் பிணையில் விடத்தக்க குற்றம். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றுவிடுவதும் அப்படியே. அதே அட்டவணையில், மூன்றாண்டு வரை மட்டுமே தண்டனையுள்ள திருட்டு பிணையில் விடத்தகாதது. கையை உடைத்தவர் காவல் நிலையத்திலிருந்தே வீடு திரும்பலாம். சைக்கிள் திருடியவர் ரிமாண்டுக்குப் போக வேண்டும். திருடர் தப்பி ஓடுவார், மறுபடி திருடுவார் என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படும். உடலைவிட உடைமைக்குக் காவல் அதிகம் போட்ட காலனி ஆட்சியின் கைரேகையும் அதில் தெரிகிறது.

அந்தக் கைரேகை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியில் இங்கிலாந்தில் தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. திருட்டில் பொருளின் மதிப்பே உயிரைத் தீர்மானித்தது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. ஜூரிகள் என்ன செய்தார்கள்? எதிரே நிற்பவரைக் கொல்ல மனம் வராமல், திருடுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று முடிவு சொன்னார்கள். ஒரு ஷில்லிங்கைக் குறைத்து ஓர் உயிரை வைத்துக்கொண்டார்கள். குற்றங்களைப் பெருங்குற்றம், சிறுகுற்றம் என்று இரண்டாக வகுத்த அந்த ஆங்கிலப் பாகுபாட்டை, 1834இல் அமைக்கப்பட்ட சட்ட ஆணையத்தின் தலைவர் மெக்காலே இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை. 1837இல் அவர் முடித்த வரைவு, குற்றத்துக்குக் குற்றம் தனித்தனியாகத் தண்டனையை எழுதியது. அது 1860இல் சட்டமாகி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தே தன் பழைய இரட்டைப் பிரிவைக் கைவிட 1967 வரை ஆனது.

தமிழர்களில் ஒரு பகுதியினர் வேறொரு தரப்பிரிவின் கீழும் வாழ்ந்திருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின்படி குற்றங்கள் மூன்று படிகள்: மேல்படியில் பெருங்குற்றம், நடுவில் இடைப்பட்ட குற்றம், கீழே அபராதத்தோடு போகும் மீறல். எந்தப் படியில் குற்றம் நிற்கிறதோ அதற்கென்று தனி நீதிமன்றம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து, அதையடுத்து இந்தியக் குற்றவியல் சட்டங்கள் அங்கே நீட்டிக்கப்பட்ட பிறகே அந்த மூன்று படிகள் மறைந்தன.

அதற்கும் வெகு காலம் முன்பே, கல்வெட்டுகளில் நம் ஊர்க்காரர்கள் செய்த தரப்பிரிவு ஒன்று பதிவாகியிருக்கிறது. வேட்டையில் எய்த அம்பு தவறி மனிதர்மேல் பாய்ந்து இறப்பு நேர்ந்தபோது, எய்தவரைக் கொல்லாமல், கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் விடச் செய்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில சொல்கின்றன. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அந்த ஆடுகளுக்குப் பெயர். நோக்கமில்லாத கொலை வேறு, நோக்கத்தோடு செய்த கொலை வேறு என்ற தெளிவு அந்த ஊர்ச் சபைகளுக்கு இருந்திருக்கிறது.

மெக்காலேயின் வரைவிலிருந்து வந்த சட்டத்தில் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்குத் தனிப் பிரிவு 1870இல்தான் சேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு வரை தண்டனை என்பது ஒன்றரை நூற்றாண்டு மாறவில்லை. புதிய சட்டம் அதை ஐந்தாண்டாக உயர்த்தியது, பதிவுபெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் இரண்டாண்டு. விபத்து நடத்திவிட்டுக் காவல்துறைக்கோ நடுவருக்கோ சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை என்றது அதன் அடுத்த உட்பிரிவு. 2024 ஜனவரி முதல் வாரம் லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. பிப்ரவரியில் வந்த அரசு அறிவிக்கை, ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வரும், அந்த ஓர் உட்பிரிவு மட்டும் வராது என்று சொன்னது. அட்டவணையின் ஒரு வரியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தது அபூர்வம்.

திருட்டுக்குத் திரும்புவோம். 39 ஷில்லிங்கின் மறு உருவம் புதிய அட்டவணையில் இருக்கிறது. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், அது பிணையில் விடத்தக்க குற்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமும்கூட. முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. பசிக்குத் திருடியவரைச் சிறைக்கு அனுப்பாத இந்த மனிதாபிமானத்தை மனமார வரவேற்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக இப்படி ஒரு வழி இல்லாமல் எத்தனையோ பேர் ரிமாண்டில் கிடந்திருக்கிறார்கள்.

ஆனால் அதே வரி பறிகொடுத்தவரின் கதவையும் சாத்துகிறது. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பெண்ணின் மின்தராசு காணாமல் போகிறது, மதிப்பு நாலாயிரம். கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளியின் பழைய கைபேசி போகிறது, மதிப்பு மூவாயிரம். வசதி உள்ளவருக்கு 5,000 ரூபாய் ஒரு மாலைச் செலவு, இவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. நடுவர் உத்தரவில்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாது என்றால், இவர்கள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலைவார்களா? பொருளின் மதிப்பை 4,900 என்று எழுதுவதா, 5,100 என்று எழுதுவதா என்பதை முடிவு செய்யும் பேனா இப்போது ஜூரியின் கையில் இல்லை, நிலைய எழுத்தரின் கையில் இருக்கிறது.

தண்டனை சிறியதென்றால் குற்றமும் சிறியதுதான் என்பது அட்டவணையின் பொதுக் கணக்கு. அந்தக் கணக்கை நாடாளுமன்றம் துணிந்து மீறிய இடங்களும் உண்டு. அவற்றில் மிகப் பெருமைக்குரியது தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1955இல் வந்த அந்தச் சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் வரைதான். சாதாரணக் கணக்குப்படி காவல்துறை கண்டுகொள்ளத் தேவையில்லாத குற்றமாகியிருக்கும். ஆனால் சட்டமே எல்லாத் தீண்டாமைக் குற்றங்களையும் பிடியாணை வேண்டாக் குற்றங்கள் என்று அறிவித்தது. நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம் என்று அதில் இருந்த ஓட்டையை 1976 திருத்தம் அடைத்தது, சட்டத்தின் பெயரும் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்றானது. டீக்கடையில் தனிக் குவளை வைத்தவருக்கும் அதில் குடிக்க வைக்கப்பட்டவருக்கும் இடையே ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் சமரசம் யாருடைய சமரசமாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வரதட்சணைத் தடைச் சட்டம் எதிர்த்திசையில் பாடம் சொல்கிறது. 1961இல் அது பிறந்தபோது அதன் குற்றங்கள் பிடியாணை வேண்டுபவை, பிணையில் விடத்தக்கவை. சட்டம் இருந்தது, கல்யாண மண்டபங்களில் பேரமும் இருந்தது. 1980களின் நடுவில் வந்த திருத்தங்கள்தான் காவல்துறையை உள்ளே கொண்டுவந்து, பிணையையும் நீதிமன்றத்தின் கைக்கு மாற்றின. இடையில் 1983இல் கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு வந்தது. மூன்றாண்டு தண்டனை, உடனே கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது. அந்தக் கைது இயந்திரத்தனமாகிவிட்டது என்ற புகாரின் மேல் 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள எந்தக் குற்றத்திலும் கைது ஏன் தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுத்தில் காரணம் காட்ட வேண்டும், நடுவரும் அதைப் படித்துப் பார்க்காமல் காவலில் அடைக்கக் கூடாது. கைது செய்யலாம் என்று அட்டவணை சொல்வது, கைது செய்தே ஆக வேண்டும் என்ற கட்டளை ஆகாது என்பது அன்று தெளிவானது.

அட்டவணையின் இரண்டாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டில் உள்ள மற்ற சட்டங்களின் குற்றங்களுக்கு அது மூன்றே வரிகளில் தரம் வகுக்கிறது. ஏழாண்டுக்கு மேல் என்றால் அமர்வு நீதிமன்றம். மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை என்றால் முதல் வகுப்பு நடுவர், கைது உண்டு, பிணை உரிமை இல்லை. மூன்றாண்டுக்குக் குறைவு என்றால் கைதுக்குப் பிடியாணை வேண்டும், பிணை உரிமை. சரி, ‘மூன்றாண்டு வரை’ என்று ஒரு சட்டம் சொன்னால் அது எந்த வரியில் சேரும்? பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நிலையில், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது கடுமையான வரியில் சேரும் என்றது. திருட்டுப் புத்தகம் அச்சிட்டவர் ஸ்டேஷன் ஜாமீனில் போவாரா, ரிமாண்டுக்குப் போவாரா என்பது ‘வரை’ என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதேபோல் இன்னொரு சொல் வழக்கு. குற்றப்பத்திரிகை குறித்த நாளில் வராவிட்டால் காவலில் இருப்பவருக்குப் பிணை உரிமையாகிவிடும். பெருங்குற்றங்களுக்கு அந்தக் கெடு 90 நாள், மற்றவற்றுக்கு 60. ‘பத்தாண்டுக்குக் குறையாத’ தண்டனை என்று பழைய சட்டம் எழுதியிருந்தது. நான்காண்டு முதல் பத்தாண்டு வரை தண்டனையுள்ள ஊழல் குற்றம் எதில் சேரும்? 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் மூன்று நீதிபதிகளில் இருவர் 60 நாள் என்றார்கள். ஒரு மனிதரின் 30 நாள் சுதந்திரம் அதில் அடங்கியிருந்தது. புதிய சட்டம் ‘பத்தாண்டு அல்லது அதற்கு மேல்’ என்று சொல்லை மாற்றியிருக்கிறது.

போதைப்பொருள் சட்டத்திலோ கடுமையை அளப்பது தராசு. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். 2001 திருத்தத்தில் வந்த இந்தப் படிநிலையில் சிறிய அளவுக்கு இப்போது ஓராண்டு வரை, வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு. கலப்படம் செய்த தூளில் சுத்தப் போதைப்பொருளை மட்டும் எடை போடுவதா, மொத்தத்தையுமா என்ற கேள்விக்கு, மொத்தத்தையும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. வணிக அளவு என்றானால் பிணை கேட்பவர், தான் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் உண்டென நீதிபதிக்குத் தோன்றச் செய்ய வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே விசாரணையின் முடிவைக் காட்டச் சொல்வதற்கு இது சமம்.

பிணைக் கதையில் ஒரு கொத்தனாரை மறக்கக் கூடாது. 1978இல் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் கட்டட வேலை செய்துவந்த ஏழைக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே பிணை கொடுத்தது. நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தார். மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த நிபந்தனையைக் கடிந்து, தொகையை ஆயிரம் ரூபாயாகக் குறைத்து, சொந்தப் பிணையில் விடச் சொன்னார். பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாவிட்டால் அவரை வறியவராகக் கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று சட்டமே சொன்னது பின்னர் 2005 திருத்தத்தில்தான்.

2022 ஜூலையில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிணைக்காகவே குற்றங்களை நான்கு வகையாக ஒழுங்கு செய்தது. ஏழாண்டு வரையிலான குற்றங்கள், அதற்கு மேற்பட்டவை, பிணைக்குத் தனிக் கெடுபிடி வைத்திருக்கும் சிறப்புச் சட்டங்கள், மற்ற பொருளாதாரக் குற்றங்கள். முதல் வகையில் புலன் விசாரணைக்கு ஒத்துழைத்து, கைதாகாமல் இருந்தவரைக் குற்றப்பத்திரிகை வந்த பிறகு பிடித்து உள்ளே தள்ளுவதில் பொருளில்லை என்று வழி காட்டியது. அதே ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், நாட்டின் சிறைவாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எவரும் இன்னும் சொல்லாதவர்கள் அவர்கள். லாரி ஓட்டுநர்களைப் போல் வண்டியை நிறுத்தவும் அவர்களால் முடியாது.

அவர்களுக்கென்று புதிய சட்டத்தில் 479ஆவது பிரிவு இருக்கிறது. மரணமோ ஆயுளோ தண்டனையாக இல்லாத குற்றத்தில், உச்சத் தண்டனையில் பாதிக் காலம் சிறையிலேயே கழித்தவரைப் பிணையில் விட வேண்டும். இதற்கு முன் தண்டனை பெறாதவரென்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை என்ற தடை உறுத்துகிறது, ஏனெனில் ஏழை மேல் இரண்டாவது வழக்குப் போடுவது கடினமல்ல. 2024 ஆகஸ்டில், புதிய சட்டத்துக்கு முன் கைதானவர்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கைதி மனுப் போடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காலம் முடிந்த உடனே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது.

அதற்காகச் சிறை அலுவலகத்தில் ஒருவர் கணக்குப் போட வேண்டும். பதிவேட்டில் கைதான தேதியைப் பார்க்க வேண்டும், இன்றுவரை எத்தனை நாள் என்று எண்ண வேண்டும், பிறகு நடைமுறைச் சட்டப் புத்தகத்தின் பின்பக்கங்களைத் திறந்து அந்தப் பிரிவுக்கு எதிரே மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கும் எண்ணை இரண்டாலோ மூன்றாலோ வகுக்க வேண்டும்.